துருவப் பிராணிகளும் பெங்களூர்ச் செயற்கைக் கோள்களும்

பள்ளிச் சித்திரங்களில் பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப் பாறையின்மீது நிற்பதுண்டு. இயற்கையில் அவை ஒன்றையொன்று கண்டதே இல்லை. பனிக்கரடி வட துருவத்தைச் சூழ்ந்த கனடா, கிரீன்லாந்து, ரஷ்யா, அலாஸ்கா, ஸ்வால்பார்டு தீவுகள் ஆகிய பிரதேசங்களில் வாழ்கிறது. பென்குவின்களின் இருப்பிடமோ தென் பாதி உலகம். அவற்றுள்ளும் எல்லா இனங்களும் பனியில் வாழ்வன அல்ல. எம்பரர், அடேலி ஆகிய இரண்டு இனங்களே அண்டார்டிகாவில் மட்டும் குஞ்சு பொரிக்கின்றன. பிற இனங்கள் தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பெரு, சிலி முதலிய நாடுகளின் கரைகளிலும் உள்ளன. காலபகஸ் தீவுகளில் ஓர் இனம் பூமத்திய ரேகையை ஒட்டியே வாழ்கிறது.

மாதக் கணக்கில் இருள் சூழ்ந்திருக்கும் கடல்களில் இப்பிராணிகள் செல்லும் வழியை மனிதர் பின்தொடர்வது அரிது. எனவே பென்குவினின் முதுகு இறகிலும், சீலின் உரோமத்திலும் சிறிய ரேடியோக் கருவி ஒட்டப்படுகிறது. பனிக்கரடிக்குக் கழுத்துப் பட்டை அணிவிக்கப்படுகிறது. ஆனால் ஆண் கரடியின் கழுத்து தலையைவிடப் பருத்திருப்பதால் பட்டை கழன்றுவிடும். ஆகவே பெண் கரடிகளுக்கே அது பயன்படுகிறது.

இக்கருவிகளின் ஒலிபரப்பை விண்ணில் ஏற்கும் சாதனத்துக்கு ஆர்கோஸ் என்று பெயர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் கேட்பதுபோல, ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு பிராணி இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. கடல்நீரினூடே ரேடியோ அலை செல்லாது. பிராணி மேலே வரும்போதுதான் செய்தி கிட்டும்.

பெங்களூரில் உருவான இரு செயற்கைக் கோள்கள் இச்சாதனத்தைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. ஒன்று, பிரான்ஸுடன் கூட்டாக 2013 பிப்ரவரி 25-இல் செலுத்தப்பட்ட 'சரல்'. மற்றது 2022 நவம்பர் 26-இல் செலுத்தப்பட்ட 'ஓஷன்சாட்-3'. சுமார் 100 நிமிஷத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றும் இத்தகைய கோள்கள், ஒவ்வொரு சுற்றிலும் துருவங்களின் அருகே செல்கின்றன. பெங்களூரின் வானில் அவை நாளொன்றுக்குச் சில முறையே தோன்றும். நம் நாட்டுப் பறவைகளுக்கும் இம்முறை உதவியுள்ளது: 2013-இல் நாகாலாந்தில் கருவி பொருத்தப்பட்ட அமூர் வல்லூறுகள் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றது இவ்வாறே தெரியவந்தது.

இவ்வாராய்ச்சியின் அவசியத்தை 2022-ஆம் ஆண்டு காட்டியது. எம்பரர் பென்குவின் கரையோடு ஒட்டிய கடற்பனியின்மீது குஞ்சு வளர்ப்பது. நீர் புகா இறகு முளைக்கும் முன் பனி உடைந்தால் குஞ்சு பிழைப்பதரிது. அவ்வாண்டு பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி முன்னதாகவே உடைந்தது. அங்கிருந்த 5 குடியிருப்புகளுள் 4-இல் குஞ்சுகள் அனைத்தும் மடிந்திருக்கக்கூடும் என்று விண்வெளிப் படங்களைக் கொண்டு விஞ்ஞானிகள் 2023-இல் அறிவித்தனர். பனியின்மீது படிந்த எச்சத்தின் பழுப்புக் கறையே அக்குடியிருப்புகளைக் காட்டிக்கொடுத்த அடையாளம்.

ஆசிரியர்கள் உலக உருண்டையில் இரு துருவங்களையும் காட்டி, எது எங்கே வாழ்கிறது என்று மாணவரையே குறிக்கச் செய்யலாம். அப்போது பனிக்கரடியும் பென்குவினும் தத்தம் இடம் சேரும்.