கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

1980களில் கனடாவில் டாக்டர் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, டாஸ் இயக்க முறைமையில் தமிழ் எழுத உதவியது. அக்காலத் தமிழ்க் கோப்பு ஒன்றை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். ஏன்? கணிப்பொறிக்கு எழுத்து என்பது வெறும் எண். இன்றைய யூனிகோடில் ‘அ’வின் எண் 2949. அன்றோ மென்பொருளுக்கு மென்பொருள் எண்கள் வேறுபட்டன!

பழைய மென்பொருளையே ஓட்டலாம். பழைய பொறிக்கு எங்கே போவது? செயலி, நினைவகம், வட்டு மூன்றையும் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதுவே மெய்நிகர் பொறி. உள்ளே ஓடும் டாஸுக்கு இந்த நடிப்பு தெரியவே தெரியாது.

மாணவர்களே, விலையின்றிக் கிடைக்கும் ஃப்ரீடாஸை அதில் நிறுவிப் பாருங்கள். தவறுதலாக எல்லாவற்றையும் அழித்தாலும் அஞ்ச வேண்டாம். அந்த ‘வட்டு’ உங்கள் கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்புதான். ஆனால் தமிழ்க் கோப்பைப் படிக்க, அதை எழுதிய மென்பொருளின் நகலும் வேண்டும். பரணில் பழைய ஃபிளாப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.