கவிதைக்குப் பரிசா, கவிஞருக்குச் செலவா?

எங்கள் பேட்டையை எல்லோரும் எம்.கே.பி. நகர் என்றுதான் சொல்கிறோம். விரித்துச் சொன்னால் மகாகவி பாரதி நகர்! பெயரின் மகிமையோ என்னவோ, மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதும் பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் உண்டு. எழுதியது அச்சில் வர வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அந்த ஆசையை வைத்துக் காசு பண்ணுகிறவர்களும் இருக்கிறார்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. அவருடைய கவிதை போட்டியில் தேர்வாகி விட்டதாம். தொகுப்பு நூலில் சேர்க்க 800 ரூபாய், கேடயத்துக்கு 1,200 ரூபாய். சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்து அனுப்பினார். புத்தகமும் வந்தது. பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும் அதில் ‘வெற்றியாளர்கள்’! அக்காவின் பெயரில் எழுத்துப் பிழை வேறு.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ‘நேஷனல் லைப்ரரி ஆஃப் பொயட்ரி’ என்றொரு நிறுவனம் 1990-களில் இதையே பெரிய வியாபாரமாக நடத்தியது. போட்டிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தங்கள் கவிதை வந்த தொகுப்பைக் கவிஞர்கள் சுமார் 50 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். சிலர் வேண்டுமென்றே அர்த்தமில்லாத உளறலை எழுதி அனுப்பிப் பார்த்தார்கள். அதற்கும் அரையிறுதிக்குத் தேர்வு என்று பாராட்டுக் கடிதம் வந்ததாம்!

நம் பாரதியாரை எடுத்துக் கொள்ளுங்கள். 1907-ல் அவருடைய மூன்று தேசப் பாட்டுகளை 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் அவர் மிதவாதி, பாரதியாருக்கு எதிர் அணி. ஆனாலும் பாட்டு பிடித்துப் போனதால் தன் கைக்காசைப் போட்டார். கவிதையை உண்மையில் விரும்புகிறவர் செய்வது அதுதான். ஆகவே சகோதரிகளே, காசு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள்.

அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை:

1. நடுவர்கள் யார், பரிசுத் தொகை எவ்வளவு, முன்பு பரிசு பெற்றவர்கள் யார் என்று விசாரியுங்கள். தேர்வான பிறகு பணம் கேட்டால் ஒதுங்கி விடுங்கள்.

2. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

3. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே கவிதை உங்கள் சொத்து. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுதும், அதன் பிறகு 60 வருஷமும் உரிமை நீடிக்கும். அதைப் பிறருக்கு மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. அனுப்பும் கவிதைக்கு ஒரு நகல், அனுப்பிய தேதியுடன் வீட்டில் இருக்கட்டும்.

நல்ல வழிகளும் இருக்கின்றன. பத்திரிகைகளின் கவிதைப் பக்கத்துக்கு அனுப்பப் பைசா செலவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை வருஷந்தோறும் சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. மரபுக் கவிதைக்கும் புதுக்கவிதைக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. வசதி குறைந்த எழுத்தாளர்கள் நூல் வெளியிட நிதியுதவித் திட்டமும் அந்தத் துறையில் இருக்கிறது. 35 வயதுக்கு உட்பட்ட இளம் தாய்மார்களே, சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் 2011 முதல் உங்களுக்காகவே இருக்கிறது. பரிசு 50,000 ரூபாய்!

சொந்தக் காசில் புத்தகம் போடுவதும் தப்பில்லை. எத்தனை பிரதி, என்ன காகிதம், மொத்தம் எவ்வளவு என்று அச்சகத்தில் எழுதி வாங்கிக் கொண்டு தாராளமாகப் போடலாம். ஆனால் அது செலவு. அதைப் பரிசு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.