கூடையோடு கதையும் வேண்டும்

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் சேரியே திரளும். நெல், பூசணி, வாழைத்தார், கோழி என வீட்டுக்கு வீடு காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் களைகட்டும். இப்படி முதற்பலனைக் கூடையில் கொண்டுவரச் சொல்லும் வேதப் பகுதி உபாகமம் 26ஆம் அதிகாரம். அது கூடையை மட்டும் கேட்கவில்லை.

கூடையைக் கொடுப்பவர் தன் முன்னோரின் கதையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாடோடியாக எகிப்துக்குப் போனது, அங்கே அடிமை வேலை செய்தது, கூப்பிட்ட குரலைக் கர்த்தர் கேட்டு விடுவித்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வயிறு நிறைந்த நாளில் பட்டினி நாளைப் பேசச் சொல்கிறது வேதம்.

தலித் இறையியலின் முன்னோடியான அரவிந்த் பி. நிர்மல், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர். அவர் கையில் எடுத்ததும் இதே பகுதிதான். அந்த நாடோடிக்கு நடமாடும் சுதந்திரமாவது இருந்தது, நம் முன்னோருக்கு அதுவும் இல்லை என்றார் அவர்.

நம் மாவட்டத்துக் கதை அரசு ஏட்டிலேயே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை வாட்டியது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அரசுக்கு அறிக்கை எழுதினார். படியாட்கள் கடனுக்குக் கட்டுண்டு கிடந்ததையும், குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லாததையும் அதில் பதிவு செய்தார். மிஷனரிகளும் குரல் கொடுத்தார்கள். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

"பழைய கதை எதற்கு, அவமானம்" என்று பெரியவர்கள் சிலர் பேச மறுப்பதுண்டு. அவமானம் அடிமைப்படுத்தியவருக்குத்தான். இஸ்ரவேலர் தங்கள் அடிமை வாழ்வை மறைத்திருந்தால் யாத்திராகமம் என்ற புத்தகமே இருந்திருக்காது.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. நமக்கு இன்னும் திறக்கவில்லை. மதம் மாறியும் சேரி மாறவில்லை என்பதற்கு நம் பெரியவர்களின் கதைகளே சாட்சி.

நினைவுக்கு ஒரு கடமையும் உண்டு. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது உபாகமம் 24. நீயும் அடிமையாயிருந்தவன் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனாலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் அதன் பிறகும் மீட்கப்பட்டிருக்கின்றன. அப்படியொரு குடும்பத்துக்குக் கோட்டாட்சியரிடம் மனு எழுதிக் கொடுக்கும் கல்லூரி மாணவர், அந்த அரிக்கட்டை வயலில் விட்டு வருகிறார்.

வரும் அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குவோம். சேரியில் மூத்த ஆயா ஒருவரை முன்னால் உட்கார வைப்போம். யாரிடம் வேலை செய்தார், கூலி எத்தனை படி, பள்ளிக்கூடம் போக முடிந்ததா என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டதை நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டையும் கூடையில் வைத்துப் படைப்போம்.