புட்டு மாவுப் பதம்

புட்டுக்கு மாவு பிசறத் தெரிந்தவருக்குச் சாலை போடுவதில் பாதி வித்தை தெரியும். அள்ளிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பேவர் பிளாக்குக்கோ தாருக்கோ அடியில் கிராவல் பரப்பும் அனுபவசாலி மேஸ்திரி தேடுவதும் இந்தப் பதத்தைத்தான்.

இந்தப் பதத்துக்கு எண் கொடுத்தவர் ரால்ஃப் புரொக்டர். லாஸ் ஏஞ்சலஸ் நகரக் குடிநீர்த் துறையில் மண் அணைகள் கட்டியவர். 1933இல் அவர் வெளியிட்ட முறையை ஒட்டியதுதான் இன்றைய சோதனையும். ஓர் உருளைக்குள் மண்ணை மூன்று அடுக்காக இட்டு, அடுக்குக்கு 25 இடி. இந்தியத் தர முறைப்படி 2.6 கிலோ சம்மட்டி, 31 செ.மீ. உயரத்திலிருந்து விழும். ஈரத்தைக் கூட்டக் கூட்ட இறுக்கமும் கூடும். ஓர் உச்சம் தொட்டதும் குறையத் தொடங்கும். கொஞ்சம் நீர் இருந்தால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருங்கி உட்காரும். அதற்கு மேல் சேரும் நீர், மணிகள் உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

அடைமழையில் நடப்பது இந்த இரண்டாவது கதை. காற்றை நசுக்கி வெளியேற்றலாம், நீரை நசுக்க முடியாது. ரோலர் ஏறினால் தரை மெத்தைபோல் அமுங்கி, சக்கரம் நகர்ந்ததும் எழும்பும். ‘இன்னும் நாலு ஓட்டு ஓட்டினால் சரியாகிவிடும்’ என்பார்கள். ஆகாது. அதிர அதிர, அடியிலிருக்கும் நீர் சேற்றையும் இழுத்துக்கொண்டு மேலே வரும். எங்கள் தெருவில் ஐப்பசி மழையோடு மழையாகக் கல் பதித்தார்கள். தை பிறப்பதற்குள் வண்டித் தடம் விழுந்துவிட்டது.

நனைந்த கிராவலைக் கிளறி, வெயிலில் காயவிட்டு, மறுபடி உருட்டுவதுதான் வழி. களிமண் கலந்திருந்தால் சுண்ணாம்புத் தூள் சேர்க்கலாம், அது ஈரத்தை இழுக்கும். சேற்றின்மேல் ஜல்லியைக் கொட்டி மூடுவது மட்டும் கூடாது. கல் கீழே இறங்கும், சேறு மேலே ஏறும். கிராவலுக்குப் பதில் பரப்புவது தூசி இல்லாத சுத்தமான ஜல்லி என்றால் கவலை குறைவு. நீர் அதனூடே வடிந்துவிடும், தூறலிலும் உருட்டலாம்.

மழை வருமுன் செய்ய வேண்டியதும் உண்டு. பரப்பியதை அன்றே உருட்டி முடித்துவிட வேண்டும். மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்து மேற்பரப்பை வழவழப்பாக மூடிவிட்டால் நீர் ஓடிவிடும். உதிரியாக விட்டுப்போன மண் ராத்திரி மழையைக் குடித்துப் பஞ்சாகிவிடும். அவசரத்துக்கு ஒரே தடவையில் ஓரடி கனம் கொட்டுவதும் வீண். கையால் தள்ளும் அதிர்வு இயந்திரத்தின் இடி ஏறத்தாழ நாலங்குலம்தான் ஒழுங்காக இறங்கும்.

உங்கள் வாசலில் வேலை நடக்கும்போது ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் சேறு பிதுங்கினால், இரண்டு நாள் நிறுத்தச் சொல்லுங்கள்.