பழைய பிளாக்குக்குப் புதிய வட்டம்

1983-ல் நெல்சன் பிகே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற பிராபம் காரில் இருந்தது பி.எம்.டபிள்யூவின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின். அதன் வார்ப்பிரும்பு பிளாக் 1960-களில் சாதாரண சாலைக் கார்களுக்காக உருவானது. புத்தம்புது பிளாக்கை விட்டுவிட்டு, சாலையில் நெடுந்தூரம் ஓடிய பழைய பிளாக்குகளையே பொறியாளர்கள் விரும்பி எடுத்தார்கள்.

காரணம் வார்ப்பிலேயே இருக்கிறது. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றினால் மெல்லிய சுவர்கள் முதலில் இறுகும், தடித்த பகுதிகள் மெதுவாக ஆறும். ஒன்றை ஒன்று இழுத்தபடி இறுகுவதால் உள்ளே தகைவு தங்கிவிடுகிறது. என்ஜின் பலமுறை சூடேறி ஆறும்போது அது மெல்லத் தளர்கிறது. பிளாக்கும் துளி கோணுகிறது. கோணி முடித்த இரும்பைக் கடைந்தால் அந்த வடிவம் நிலைத்து நிற்கும்.

பழைய பிளாக்கை நாடுவது பந்தய அணிகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் கைக்காசைப் பார்த்துச் செலவழித்து வேகக் கார் கட்டுபவர்கள் நாடுவது ஷெவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8. 1955-ல் அறிமுகமான இந்த வரிசையில் 10 கோடியாவது என்ஜின் 2011-ல் தயாரானது. 1967 மாடல் கமாரோவில் வந்த 350 கன அங்குல வகை, அதாவது 5.7 லிட்டர், பழைய கார் உடைக்கும் இடங்களில் தாராளமாகக் கிடைத்தது.

அதன் சிலிண்டர் விட்டம் 101.6 மில்லிமீட்டர். மறுசீரமைப்பில் வழக்கமாக 0.76 மி.மீ. கூட்டிக் கடைவார்கள். என்ஜின் பெரிதானால் சக்தி கூடும் என்று பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். கணக்குப் போட்டால் கொள்ளளவு ஏறுவது ஏறத்தாழ 86 சி.சி., வெறும் 1.5 சதவீதம்தான். கடைவதன் உண்மையான பலன், தேய்ந்து நெளிந்த சிலிண்டர் மறுபடி சரியான வட்டமாவதே. வட்டம் கெட்டால் பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டாது. எரிந்த வாயு கீழே கசியும், எண்ணெய் மேலே ஏறும்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் உச்சியில் கணநேரம் நின்று திரும்பும்போது வேகம் இல்லை. வேகம் இல்லாவிட்டால் எண்ணெய்ப் படலம் மெலிகிறது. அதே நேரத்தில் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்குகிறது. வெப்பமும் அங்கேதான் அதிகம். ஆகவே தேய்மானம் மேல்பகுதியில் உச்சமாகிறது. ரிங் தொடாத விளிம்பு மட்டும் தேயாமல் மேடாக நிற்கும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்குத் திசைகளில் அளந்தால் சாய்வும் நீள்வட்டமும் தெரிந்துவிடும்.

அளப்பதற்கு முன்பு, எண்ணெய் வழிகளின் அடைப்புகள் உட்பட எல்லா பிளக்குகளையும் கழற்றி, பிளாக்கைக் காரக் கரைசலில் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். பிறகு விரிசல் சோதனை. பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து, தூள் கோடு கோடாகச் சேரும். கடைந்தபின் சுவர் எவ்வளவு மிஞ்சும் என்பதை மீயொலிக் கருவி சொல்லும். மெலிந்த சுவர் அழுத்தத்தில் நெளியும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு துளியும் கடையக்கூடாது.

கடைந்த சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்த வகை என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டையும் 17 போல்ட்டுகள் பிடிக்கின்றன. முறுக்கும்போது அவை சிலிண்டரையும் சற்றே இழுத்துக் கோணலாக்கும். எனவே நல்ல பட்டறைகள் ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தகட்டை அதே முறுக்குவிசையில் இறுக்கி, அந்தக் கோணலோடே ஹோன் செய்கின்றன. ஹெட் ஏறும்போது சிலிண்டர் வட்டமாகிறது. ஹோன் விட்டுச்செல்லும் குறுக்குக் கீறல்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கும். கழற்றும்போது இன்னொரு கவனமும் வேண்டும்: கிராங்க்கைத் தாங்கும் மூடிகளைப் பிளாக்கோடு சேர்த்தே கடைந்திருப்பதால், இடமும் திசையும் மாறாமல் அடையாளமிட்டு வைப்பது கட்டாயம்.

செலவே இல்லாத கடைசி வேலையான கழுவுதலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஹோனிங் கல்லின் துகள் கீறல்களில் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை முழுதும் எடுக்காது. சோப்பு கலந்த வெந்நீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். காய்ந்த இரும்பு சில நிமிடங்களில் துருவேறத் தொடங்கும் என்பதால் உடனே எண்ணெய் பூச வேண்டும்.

பட்ஜெட் போடுபவருக்கு இதில் தெளிவான வரிசை கிடைக்கிறது. முதல் பணம் சோதனைக்கும் அளவெடுப்புக்கும். விரிசல் தெரிந்தால் வேறு பிளாக் தேடலாம், இழப்பு சிறியது. பிஸ்டன் எந்த ஓவர்சைஸில் வேண்டும் என்பதை முடிவுசெய்வது அந்த அளவுகள்தான். முதலில் பிஸ்டனை வாங்கி வைத்துக்கொண்டு பிளாக்கை அதற்கு ஏற்பக் கடைபவர், நல்ல இரும்பை வீணாகச் சுரண்டுகிறார்.