படச்சுருள் போனாலும் பாட்டுப் புத்தகம் பேசும்

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. இன்று அதைப் பார்க்க ஒரு பிரதிகூட இல்லை. எச்.எம்.ரெட்டி இயக்கினார், டி.பி.ராஜலட்சுமி நடித்தார் என்று நாம் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் அக்கால விளம்பரங்களும் பத்திரிகைச் செய்திகளும் பாட்டுப் புத்தகங்களும்தான். அப்படிப்பட்ட காகிதங்களைச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன்.

புகைப்படக்காரராகத் தொடங்கியவர். படங்கள் கொடுத்துவந்த பத்திரிகையின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' மூலம் தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் ஆனார். ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவருடைய பிழைப்பு. அதோடு நில்லாமல், வந்த படங்களுக்கெல்லாம் தயாரிப்பாளர், நடிகர், வெளியான தேதி என்று குறித்துவைத்தார். கேட்பாரில்லாத காலத்திலும் அதை விடவில்லை. அவருடைய பெருமையே அதுதான். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு பின்னர் வாங்கிக்கொண்டது. 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' 2004-ல் நூலாக வந்தது. 2016 மார்ச் 21-ல் மறைந்தார்.

சுருள்கள் ஏன் தங்கவில்லை? பழைய நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காகக் கரைத்தவர்களும் உண்டு. பின்னால் வந்த அசிடேட் சுருளுக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அழிவு தொடங்கிவிட்டதென்று பொருள். ஆனியில் தொடங்கி மாதக்கணக்கில் சாரல் அடிக்கும் குற்றாலம், தென்காசிப் பக்கம் காகிதத்தையும் பூஞ்சை விடாது.

இந்தப் பக்கத்துக்காரர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டையில் பிறந்து, நாடக மேடையை ஆண்டு, சினிமாவில் தோன்றாமலே 1933-ல் 27 வயதில் மறைந்தவர். அவர் குரல் இசைத்தட்டுகளில் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கிறது. தொடக்ககாலப் பேசும்படங்கள் நாடக மேடையிலிருந்து வந்தவை என்பதால், திரை வரலாறு எழுதுகிறவருக்கு இசைத்தட்டும் நாடக நோட்டீசும்கூட ஆவணம்.

வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெயிலில் காயவைக்காமல் நிழலில் ஆறவிடுங்கள். எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டு, யார் வாங்கியது என்பதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டாம். பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி, அடியிலிருக்கும் எழுத்தையும் கறைப்படுத்திவிடும்.