ஒரு சோதனை போதுமா?

ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது மிக எளிது. அதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை, சான்றும் வேண்டுவதில்லை. என் தமக்கையாரைப் பற்றி எங்கள் குடும்பத்தார் அனைவரும் ஆறு ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தோம். கல்லூரியில் அறிவியல் கற்பிக்கும் நானும் அக்கூட்டத்தில் ஒருவனாகவே இருந்தேன். அந்தப் பிழையிலிருந்து நான் கற்ற பாடத்தையே மாணவ நண்பர்களாகிய உங்களிடம் இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

விடியுமுன் எழுந்து வீட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் பள்ளிக்குச் சென்று பாடம் சொல்லி வந்தவர் என் அக்கா. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவருடைய நடை தளர்ந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை தேடினார். தோல் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, பேச்சு மெதுவாயிற்று, நேற்று நடந்தது இன்று மறந்தது. “தம்பி, என் உடம்பு என் சொல்லைக் கேட்கவில்லை” என்று ஒரு நாள் அவர் கூறியபோது, “மனத்தில் உற்சாகம் இருந்தால் எல்லாம் சரியாகும்” என்று நான் உபதேசம் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்தக் குறிகள் தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்யும்போது தோன்றுபவை. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல அமைந்திருக்கும் சிறு உறுப்பு இது. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்ற சுரப்பு நீரை இது உண்டாக்குகிறது. உடலின் அணுக்கள் எவ்வளவு விரைவாக உழைக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அந்தத் தைராக்ஸினே. அது குறைந்தால் இதயம், குடல், மூளை எல்லாமே மந்தகதியில் இயங்கும். இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி ஒரு பெண்மணியைப் பிழைக்கவைத்தார். அப்போது 46 வயதாயிருந்த அந்த அம்மையார், சிகிச்சையின் பயனாக 1919 வரை உயிர் வாழ்ந்தார்.

அக்காவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் இல்லை. இரு முறை இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரு முறையும் ‘டி.எஸ்.எச்.’ என்ற ஒன்றை மட்டுமே அளந்து, “எல்லாம் நார்மல்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதி. அக்காவுக்கோ அதுவே தண்டனையாயிற்று.

டி.எஸ்.எச். என்பது யாது? அது தைராய்டு சுரப்பியில் உண்டாவதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாவது. ஒரு நிலக்கிழாரையும் அவருடைய வயலுக்கு நீர் இறைக்கும் ஆளையும் எண்ணிப் பாருங்கள். வயலில் நீர் குறைந்தால் நிலக்கிழார் உரக்கக் குரல் கொடுப்பார். நீர் நிறைந்தால் குரலைத் தாழ்த்துவார். பிட்யூட்டரியே நிலக்கிழார்; தைராய்டு நீர் இறைப்பவன்; டி.எஸ்.எச். அந்தக் குரல், தைராக்ஸினே நீர். பெரும்பாலாரிடத்தில் பழுது தைராய்டு சுரப்பியிலேயே இருக்கும். ஆகவே குரல் மிக உயர்ந்திருக்கும், டி.எஸ்.எச். ஒன்றே நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய அந்த எண் பத்தையும் ஐம்பதையும் தாண்டிச் செல்வதுண்டு. முதலில் இச்சோதனையைச் செய்வது அதனால்தான், அது குற்றமன்று.

ஆனால் நிலக்கிழாரே நோயுற்றுக் குரல் எழுப்ப இயலாமல் கிடந்தால்? வயல் வெடித்துக் காய்ந்தாலும் குரல் உயராது. குரல் உயரவில்லை என்பதால் வயலில் நீர் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாமா? அக்காவின் வாழ்க்கையில் நிகழ்ந்தது இதுவே.

மூன்றாவதாக நாங்கள் கண்ட மருத்துவர் முதியவர். தாளைப் பார்க்குமுன் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். “கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது, அம்மா?” என்று கேட்டார். பெருகிய உதிரப்போக்கையும், தாய்ப்பால் சுரக்காமற் போனதையும், அதன்பின் மாதவிடாய் நின்றதையும் அக்கா கூறினார். ஆறு ஆண்டுகளில் ஒருவரும் கேளாத கேள்வி அது! கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருத்திருக்கும். பிரசவத்தில் இரத்தம் மிகுதியாக வெளியேறினால் அதற்கு இரத்தம் எட்டாமல் அதன் ஒரு பகுதி அழிந்துபோகக்கூடும். இதனை 1937-இல் விளக்கிய ஷீஹன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது.

அவர் டி.எஸ்.எச்.சுடன் தைராக்ஸினின் கட்டுறாத பகுதியையும், அதாவது ‘ஃப்ரீ டி4’ என்பதையும் அளக்கச் சொன்னார். காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்துக் கார்டிசால் என்ற மற்றொரு சுரப்பையும் பார்க்கச் சொன்னார். டி.எஸ்.எச். முன்போலவே ஒழுங்கான எல்லைக்குள் இருந்தது. ஃப்ரீ டி4 மிகவும் தாழ்ந்திருந்தது, கார்டிசாலும் அவ்வாறே. முதலில் கார்டிசாலுக்கு ஈடான மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே தைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கினார். காரணம் கேட்டேன். “கார்டிசால் குறைந்த உடம்பில் தைராக்ஸினை மட்டும் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்” என்றார். அண்டைவீட்டார் சொல்லைக் கேட்டுக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க நாங்கள் ஒருமுறை எண்ணியது நினைவுக்கு வந்தது. என் உடல் நடுங்கிற்று.

நண்பர்களே, களைப்புற்றோர் அனைவருக்கும் இந்நோய் இருக்கும் என்று நான் கூறவில்லை. இரத்தசோகை, நீரிழிவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும். அவற்றையும் ஆராய வேண்டும். தைராய்டைத் தன் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிறதா என்பதை அறிய எதிர்ப்பொருள் சோதனையும் உண்டு. முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை சில சோதனைகளின் எண்களைத் திரித்துக் காட்டும். ஆதலால் அதை உண்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தைராக்ஸின் அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மீண்டும் சோதித்தல் பயன் தரும்.

இவை யாவற்றிலும் முதன்மையானது ஒன்று. சோதனை என்பது நாம் கேட்கும் கேள்விக்கு வரும் விடை. கேள்வி குறைபட்டிருந்தால், விடை சரியாயிருந்தும் பயனில்லை. ‘நார்மல்’ என்று தாள் சொல்லியும் உடல் துன்பப்படுமானால், “வேறு எதை அளக்க வேண்டும், ஐயா?” என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்.

அக்கா இன்று மீண்டும் பள்ளிக்குச் செல்கிறார். சென்ற வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீ அன்று எனக்கு உபதேசம் செய்தாய், இனி உன் மாணவர்களுக்கு இதைச் சொல்” என்றார். அவருடைய கட்டளையை இன்று நிறைவேற்றினேன்.